சங்கு ஊதினால் குட்டிம்மா வருவாள்

1

ஊ... ஊ... ஊஊஊ...

புதன்கிழமை பிற்பகல். கம்பெனிச் சங்கு எண்ணூர் வானத்தை இரண்டாகக் கிழித்தது.

(அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். வாரப் பத்திரிகைக்குப் பல வருடமாகத் தொடர்கதை எழுதும் கை இப்படித்தான் தானாக ஓடும். வானம் அப்படியேதான் இருந்தது. கிழிந்தது வேறு.)

மறுபடியும்.

ஊ... ஊ... ஊஊஊ...

சங்கு ஊதியதும் பூவம்மாவின் எருமைகள் கோரைத்திடலிலிருந்து வீட்டை நோக்கி ஓடிவந்தன. ஆடுகள் ஓடிவந்தன. வாத்துகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடிவந்தன. வராமல் அங்கேயே நின்றிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும்.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பூவம்மாவின் மகள் யசோதரா திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். நான் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கும் கடை. ஒருநாள் அவள் குரல் மாறியிருந்தது. தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல் ஒரு குரல். தொண்டைக்கு என்ன என்று கேட்டேன்.

"நீங்கதான சார் புக்குல தொடர்கதை எழுதறது? எங்க எருமைய எழுதுங்களேன்" என்றாள். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்: "ஆனா எங்கம்மாவ அழ வெச்சிடாதீங்க. அது அன்னிலேர்ந்து அழவே இல்ல. கோவமாத்தான் கீது. கீறாப்பலயே எழுதுங்க."

அப்படியே எழுத முயல்கிறேன். வழுக்கினால் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இடம். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையிலிருந்து ஒரு மண்பாதை உள்ளே பிரியும். பாதை நெடுக ஒரு பக்கம் கம்பெனிச் சுவர். பாதை முடிகிற இடத்தில் பூவம்மாவின் அரை ஏக்கர்.*

* எந்தக் கம்பெனி என்று தேடாதீர்கள். இந்தக் கதைக்காக நான் கட்டிய கம்பெனி இது. பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் அதற்கு ஒரு முகம் வந்துவிடும். பூவம்மா இத்தனை வருடத்தில் அதன் முகத்தைப் பார்த்ததில்லை. சுவரைத்தான் பார்த்திருக்கிறாள்.

அரை ஏக்கரில் பொன்னாங்கண்ணிப் பாத்திகள், நாலைந்து முருங்கை, ஒரு வீடு, ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையில் சிங்காரி என்ற எருமை. அவள் ஈன்ற கிடாரி குட்டிம்மா. கொஞ்சம் ஆடுகள், ஒரு கூட்டம் வாத்து. பால் எர்ணாவூர் டீக்கடைகளுக்குப் போகும். கணவன் வரதன் கன்டெய்னர் யார்டில் தினக்கூலி. மேய்ச்சலுக்குக் கிழக்கே கோரைத்திடல். நடுவில் கம்பெனி போட்ட கம்பிவேலி, அதில் ஒரு இரும்பு கேட். கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன், பெயர் பாஸ்கல். காலையில் திறப்பான், பொழுது சாய்ந்தால் பூட்டுவான். பகலில் அந்த கேட் பூட்டி யாரும் பார்த்ததில்லை.

இனி சங்கு. அந்தப் பக்கத்தில் சைரன் என்று யாரும் சொல்வதில்லை, சங்குதான். திங்கட்கிழமை தோறும் காலையில் கம்பெனி அதை ஊதிச் சோதித்துப் பார்க்கும். ஊத ஆரம்பித்த புதிதில் சிங்காரி மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாள். பாலை அடக்கிக்கொண்டாள். ஒரு ஆட்டுக்குச் சினை கலைந்தது. பூவம்மா கம்பெனி வாசலுக்குப் போய், "என் எருமை பயப்படுது, கொஞ்சம் மெதுவா ஊதுங்க" என்றாள். வாசலில் இருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சிரித்தால் சிரிக்கட்டும். அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களிலிருந்து வரதன் பூசணித் தோல், வாழை இலை, காய்க் கழிவு எல்லாவற்றையும் டிரம்மில் பிடித்துவருவான். பூவம்மா அதைத் தவிட்டோடு பிசைந்து வைத்திருப்பாள். திங்கள் காலை சங்கு ஊத ஆரம்பித்ததும் தொட்டியில் கொட்டுவாள். சங்கு அடங்கும்வரை சிங்காரியின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "பயந்துக்காதடீ, உன்னிய ஒண்ணும் பண்ணாது. துன்னு" என்பாள்.

ஊதும்போதெல்லாம் கொட்டினாள். ஊதும்போதெல்லாம் தடவினாள். பயம் போயிற்று. போனது மட்டுமல்ல. சங்குச் சத்தம் கேட்டால் எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் எல்லாம் கொட்டகைக்கு ஓடிவர ஆரம்பித்தன. திங்கட்கிழமை விருந்து! குட்டிம்மா இந்தப் பழக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். சங்குக்குப் பயப்பட வேண்டும் என்றே அவளுக்குத் தெரியாது.

ஆக, அந்த ஜீவன்களுக்குப் பூவம்மா சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பாடம். அந்தப் பாடம்தான் அவற்றைக் கொன்றது.

இல்லை. இந்த வாக்கியத்தையும் அடிக்கிறேன். நன்றாக இருக்கிறது, அதனாலேயே அடிக்கிறேன். கொன்றது பாடம் இல்லை. கொன்றது வாயு. வாயுவை வெளியே விட்டது கம்பெனி. அழகான வாக்கியம் எழுதுகிறேன் பேர்வழி என்று குற்றத்தைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டேன், பார்த்தீர்களா? எத்தனை சுலபம்!

3

அந்தப் புதன்கிழமை யசோதராவுக்கு வார விடுமுறை. அம்மாவும் மகளும் கீரை கட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதியது.

"இன்னாடி இது, பொதங்கெயமைல ஊதறான்?"

"டெஸ்ட் பண்றானோ இன்னாவோ."

"பொயுது போகாத பயலுங்க."

எருமைகள் வந்து தொட்டியருகே நின்றன. தொட்டி காலி. சிங்காரி பூவம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கொம்பால் தொட்டியை ஒரு தட்டுத் தட்டினாள், எங்கே என் பங்கு என்று. பூவம்மா சிரித்துவிட்டாள். "ஏய், திங்கக்கெயமையாடி இன்னிக்கி? கெயமை தெரியாத கெயவி!"

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நெடி வந்தது.

முதலில் கண். மிளகாயை அரைத்த கையால் தேய்த்ததுபோல். அப்புறம் மூக்கு, அப்புறம் தொண்டை. தென்கிழக்குக் காற்று கம்பெனிச் சுவரைத் தாண்டி வெள்ளையாக எதையோ தள்ளிக்கொண்டு வந்தது. யசோதரா இருமிக்கொண்டே கிழக்கே கை காட்டினாள். கோரைத்திடல் பளிச்சென்று கிடந்தது. கொக்குகள் நிம்மதியாக நின்றிருந்தன. அங்கே ஒன்றுமில்லை. இருநூறு முழம் தள்ளி நல்ல காற்று.

முந்தானையைக் கீரைக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டை நோக்கித் திருப்பினார்கள். கேட் பூட்டியிருந்தது.

"பாஸ்கலு! டேய் பாஸ்கலு! கேட்டத் தொறடா!"

கேட்டருகே ஆள் இல்லை. பூவம்மா இரும்பைப் பிடித்து உலுக்கினாள். ஆடுகள் கம்பியில் முகத்தைத் திணித்தன. மிஞ்சியது மண்பாதை ஒன்றுதான். சுவரை ஒட்டிய பாதை. அதாவது வாயு வந்துகொண்டிருந்த பாதை. அதன் வழியாகத்தான் போனார்கள்.

பாதிப் பாதையில் சிங்காரி முன்னங்கால் மடிந்து உட்கார்ந்தாள். யசோதரா திரும்பிப் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். "வுட்டுட்டு வாடீ!" என்று பூவம்மா கத்தியது அவளுக்குக் கேட்டது. இருந்தும் இழுத்தாள். அவள் குரல் அங்கேதான் போயிற்று. லாரிச் சாலையை எட்டியது அம்மா, மகள், குட்டிம்மா, மூன்று ஆடுகள். குட்டிம்மா நுரை தள்ளிக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.*

* வாத்துகளைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. சேற்றில் வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடந்ததுபோல என்று ஆரம்பிக்கும். யசோதராவிடம் படிக்கக் கொடுத்தேன். "வாத்த இவ்ளோ அழகா சாவடிக்காதீங்க சார்" என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன்.

4

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். புது பூட்ஸ். கூட இரண்டு பேர், கையில் அட்டைப்பெட்டிகள். ஒன்றில் முகக்கவசம், இன்னொன்றில் பிஸ்கட். சிங்காரியைப் புதைத்த மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதிகாரி அதைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

(அவரைக் குண்டாக, கண்ணாடி போட்டவராக, கைக்குட்டையால் கழுத்தைத் துடைப்பவராக எழுதி வைத்திருந்தேன். வாரப் பத்திரிகை அதிகாரிகள் எல்லோரும் கழுத்தைத் துடைப்பார்கள். இவர் அப்படி இல்லையாம். ஒல்லியான மனிதர். மரியாதையாகப் பேசினாராம். அதுதான் பூவம்மாவுக்கு இன்னும் எரிச்சல்.)

"ஏம்மா, நாங்க கரெக்டா சைரன் குடுத்தோம். நீங்க ஏன் உடனே வெளியேறலை?"

"எங்க சார் வெளியேறணும்?"

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு பார்த்து, அதுக்கு ஏத்த மாதிரி."

"இத எப்ப சார் எங்ககிட்ட சொன்னீங்க?"

"அதான் சைரன் குடுத்தோமேம்மா!"

"ஊதுச்சு சார், நான் இல்லன்னு சொல்லல. ஊ...ன்னுச்சு. கெயக்க ஓடுன்னுச்சா? மேக்க ஓடுன்னுச்சா? எத்தினி வருசமா ஊதறீங்க, ஒரு நாளாவது ஒரு ஆளு இங்க வந்து, இந்த மாரி இந்த மாரி, இது ஊதினா ஓடுங்கன்னு சொல்லிக்கீறானா? என் எருமைக்கு நான் சொல்லிக் குடுத்தேன் சார். எனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?"

வரதன் பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டான். "வுடு பூவு. பெரியவங்ககிட்ட..."

"இன்னாத்த வுடறது? சும்மா இருய்யா நீ!"

அதிகாரி சிரித்து நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். ஒரு முகக்கவசத்தை எடுத்து நீட்டினார். பூவம்மா வாங்கிக்கொண்டாள். நேராகக் கொட்டகைக்குப் போய்க் குட்டிம்மாவின் மூக்கில் அதை மாட்டினாள். எலாஸ்டிக் பட்டென்று அறுந்து அதிகாரியின் பூட்ஸ் அருகே விழுந்தது.

"பத்தல சார். இவ சைசுல கொண்டாந்துகீறீங்களா?"

5

தொடர்கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். கம்பெனியை வில்லனாக்க முடியாது, அதற்குக் கைகால் இல்லை. சாவி இருந்தது பாஸ்கல் கையில். ஆகவே:

"பாஸ்கல் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டைத் திருகினான். 'இனி எப்படி ஓடுவாய் பூவம்மா' என்று அவன் உதடுகள்—"

இதற்குமேல் எழுத வரவில்லை. ஆனால் பூவம்மா இதைத்தான் நம்புகிறாள். காரணமும் வைத்திருக்கிறாள். சம்பவத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவளுடைய கிடா ஒன்று, கேட்டில் மாட்டியிருந்த பாஸ்கலின் யூனிபார்ம் தொப்பியைத் தின்றுவிட்டது. அவன் தலையில் அடித்துக்கொண்டான். "யக்கா, தொப்பி இல்லாட்டி டூட்டில சேக்க மாட்டாங்கக்கா!"

"கொம்புக்கு மாட்டிப் பாத்துச்சுடா. பசிச்சுச்சு, துன்னுடுச்சு" என்று பூவம்மா சிரித்தாள்.

"சிரிக்கிறியா? ஒரு நாளு இல்லாட்டி ஒரு நாளு கேட்ட இஸ்து பூட்டறேன் பாரு, அப்ப தெரியும்!"

எல்லோரும் சிரித்த பேச்சு அது. புதன்கிழமைக்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "சொன்னாப்பலயே பூட்டினான் சார் சோமாறி" என்றாள் பூவம்மா. அவனைக் கண்டால் காறித் துப்புகிறாள்.

என் சிக்கல் என்னவென்றால், பாஸ்கலும் அந்த வாயுவில் மாட்டிக்கொண்டிருக்கிறான். இந்த கேட்டைப் பூட்டிவிட்டு மெயின் கேட்டுக்கு ஓடியவன் அங்கேயே விழுந்து, நெஞ்சு வெந்து, ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருக்கிறான். இப்போது நாலு வார்த்தைக்கு ஒருமுறை இருமுகிறான். வில்லன் இருமக்கூடாது. இருமினால் வாசகர் பக்கம் மாறிவிடுவார்.

"ஏன் பூட்டினான்னு அவனையே கேட்டீங்களா?" என்று பூவம்மாவிடம் கேட்டேன்.

"கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"கேட்டா அவன் எதுனா சொல்லுவான். சொன்னா அவன் மேல கீற கோவம் கொறஞ்சிபூடும். அப்பால நான் யாரத் திட்டறது? செவுத்தையா?"

6

சம்பவத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, வழக்கம்போலச் சங்கு ஊதியது. ஆம், சோதனையை அவர்கள் நிறுத்தவில்லை. திடலில் நின்றிருந்த குட்டிம்மா காதை நிமிர்த்தினாள். இருமல் இன்னும் அடங்காத உடம்போடு ஓட்டமாக வந்து தொட்டியருகே நின்றாள். சிங்காரி நிற்கும் இடத்தைக் கொஞ்சம் விட்டு, தன் இடத்தில்.

பூவம்மா அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த தடவை உண்மையாகவே ஊதினாலும் இது இங்கேதான் வரும். இந்தச் சுவரடிக்கு.

இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: அந்த ஒல்லி அதிகாரி கண்கலங்கி, சுவரை இடித்துவிட்டு— வேண்டாம். எனக்கே நம்பிக்கை இல்லை.

முடிவு இரண்டு: குட்டிம்மாவை விற்றுவிட்டு, குடும்பம் புழல் பக்கம் வாடகைக்குக் குடிபோகிறது. இதை வரதனே ஒருநாள் சாடையாகச் சொல்லிப் பார்த்தான். "வாயு வுட்டவன் கீற எடத்துலயே குந்திகினு இருப்பான், நான் மூட்டை கட்டணுமா?" என்று அவள் கேட்ட கேள்வியில் அன்று சோறுகூடச் சரியாக வேகவில்லை.

முடிவு மூன்று வரதனின் யோசனை. "சங்கு ஊதறப்ப ரெண்டு சாத்து சாத்து. தானா பயந்துகினு ஓடும்."

இது என் கற்பனை இல்லை, நடந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை பூவம்மா முருங்கைக் கழியோடு காத்திருந்தாள். சங்கு ஊதியது, குட்டிம்மா வந்தாள். கழி அவள் முதுகில் விழுந்தது. அவள் நகரவில்லை. இரண்டாவது அடி. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தைத் தொட்டிக்குள் தாழ்த்திக்கொண்டு அப்படியே நின்றாள். இந்த அடியும் முடியும், பிறகு பூசணி வரும் என்று காத்திருக்கிறவள் மாதிரி.

பூவம்மா கழியைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசி எறிந்தாள்.

(இங்கே அவள் அழுதாள் என்று எழுதினால் எத்தனை சௌகரியம்! அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். பத்திரிகையில் போட முடியாத வார்த்தைகள். ஒவ்வொன்றும் நியாயமானது.)

அன்று மாலை ஆடுகளைக் கட்டிவிட்டு வந்தவள் வரதனிடம் சொன்னாள்: "சங்குக்கு ஓடறத அதும் புத்தியிலேர்ந்து எடுக்க முடியாது. எங்க ஓடணும்ங்கறத மாத்திப்புடலாம். தொட்டியத் தூக்கினு போயி கேட்டுக்கு அந்தாண்ட வெக்கப் போறேன். சங்கு ஊதினா கெயக்க ஓடட்டும். அந்த ஆபீசரு எனக்குச் சொல்லாதத நான் என் எருமைக்குச் சொல்லிக் குடுக்கறேன்."

7

இந்தத் திங்கட்கிழமை.

பூவம்மாவும் வரதனும் பிளாஸ்டிக் தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினார்கள். தொட்டி நிறையத் தவிடும் பூசணியும். திடலில் காற்று நன்றாக வரும் மேட்டில் இறக்கி வைத்தார்கள். வரதன் யார்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான். வீட்டில் யசோதரா குட்டிம்மாவைக் கட்டி வைத்திருந்தாள். சங்கு ஊதியதும் அவிழ்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

கேட்டில் பாஸ்கல் உட்கார்ந்திருந்தான். புதுத் தொப்பி. அவன் தலைக்குமேல் கம்பத்தில் ஒரு புதுக் கேமரா. முன்பெல்லாம் சோதனைச் சங்குக்கு அவன் தலையைக்கூடத் தூக்கமாட்டான். இன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"யக்கா, இது கம்பெனி எடம். இங்க தொட்டி வெக்கக் கூடாது."

பூவம்மா துப்பினாள். ஆனால் இத்தனை நாளில் முதல்முறையாகப் பதிலும் சொன்னாள். "எருமைக்கு வழி காட்டறேன். நீ ஒன் வேலையப் பாரு."

"இதான்க்கா என் வேல" என்றான். இருமல் பிடித்துக்கொண்டது.

ஊ... ஊ... ஊஊஊ...

யசோதரா கயிற்றை அவிழ்த்தாள். குட்டிம்மா பழைய இடத்துக்குத்தான் போனாள். தொட்டி இருந்த இடத்தில் ஒரு வட்டத் தடம். அதை முகர்ந்தாள். சுற்றிப் பார்த்தாள்.

"ஹோய்! குட்டிம்மா! இந்தாண்ட வாடீ! இங்க கீது!"

காதுகள் நிமிர்ந்தன. திரும்பினாள். ஒரு அடி, இன்னொரு அடி. யசோதரா அந்தக் கீறல் குரலில் பின்னாலிருந்து விரட்டினாள். குட்டிம்மா ஓட ஆரம்பித்தாள், கிழக்கே, பிறந்ததிலிருந்து முதல்முறையாகச் சங்குச் சத்தத்தில் சுவரை விட்டு விலகி.

அப்போது இரும்பு உராயும் சத்தம். பாஸ்கல் கேட்டை இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு கையில் பூட்டு. பூவம்மா பாய்ந்து போய் இடுக்கில் காலை வைத்தாள்.

குட்டிம்மா கேட்டைத் தாண்டினாளா என்று நான் எழுதப்போவதில்லை. மூன்று முடிவு எழுதி மூன்றையும் கிழித்தவன், நான்காவதை உங்களிடம் தருகிறேன். உங்கள் முடிவில் கேட் திறந்திருந்தால், அதைத் திறக்கச் சொன்னது யார் என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்:

"டேய்! அன்னிக்கும் இப்டித்தானடா பூட்டின? ஒரு தொப்பிக்காடா? ஆடு ஒன் தொப்பியத் துன்னதுக்காடா என் பொண்ணு தொண்டய எடுத்த?"

பாஸ்கல் அவள் காலைப் பார்த்தான். கம்பத்துக் கேமராவைப் பார்த்தான். ஓடிவரும் எருமையைப் பார்த்தான். இருமி முடித்தான்.

"தொப்பி கெடக்குதுக்கா... சங்கு ஊதினா எங்க ஓடணும்னு எனக்கே தெரியாது, கேட்டப் பூட்டுன்னு மட்டுந்தான் சொல்லிக் குடுத்துகீறாங்க."